எறும்பு மொய்த்த மூலை

மகனே,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கிற வரியை இந்தக் கடிதத்தில் நான் எழுதப் போவதில்லை. நீ நலமாக இல்லை. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். தெரியாதவள் உன் பெண்டாட்டி ஒருத்திதான். போன வாரம் உன் வீட்டிலிருந்து சிதம்பரம் வந்து சேர்ந்த நாள் முதல் எனக்கு வயிறு எரிகிறது. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் என்னை வண்டியேற்றி விட்டபோது, "ஏம்மா உம்முனு இருக்கற, பேத்திய உட்டுட்டுப் போறதுக்கா?" என்று கேட்டாய். பிளாட்பாரத்தில் நாலு பேர் முன்னால் வாயைத் திறக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேசுகிறேன். பாதி படித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பாதே. உட்கார்ந்து கடைசி வரைக்கும் படி.

உன் மகளின் ஆண்டு நிறைவு முடிந்த மறுநாள் காலையில் கொல்லைப்பக்கம் போனேன். கிணற்றடிக்கு அப்பால், மதில் ஓரத்தில் நீ ஒதுங்குகிற மூலை இருக்கிறதே, அங்கே தரை தெரியாமல் எறும்பு மொய்த்துக் கிடந்தது. முந்தின நாள் விருந்து நடந்த வீடு, லட்டு உதிர்ந்த கூடம், பாகு சிந்திய அடுப்பங்கரை, எங்கேயும் அத்தனை எறும்பு இல்லை. எல்லாம் அந்த மூலைக்குப் போயிருந்தது. நான் நின்றது நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தேன். உன் பெண்டாட்டி குடத்தோடு வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "அது தினமும் இப்படித்தான் அத்தே. எறும்பு ஜாஸ்தி ஆயிடுச்சு. அவரே காலையில மொத வேலையா ரெண்டு வாளி தண்ணி ஊத்தி உட்டுடுவாரு. இன்னிக்கு அலுப்புல தூங்கறாரு போல" என்றாள். நீ ஏன் ஊற்றக் கூடாது என்று அவளைக் கேட்டேன். "என்னைத் தொடவே உடமாட்டாரு அத்தே. குழந்தைய வச்சுக்கிட்டு உனக்கு எதுக்கு இந்த வேலை, நான் பாத்துக்கறேன்னு சொல்லுவாரு. இந்த மாதிரி ஆம்பளை யாருக்குக் கெடைக்கும்" என்று சிரித்தாள்.

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீ குடித்த டம்ளரை எடுத்துக் கழுவி வைத்தவன் இல்லை. காலேஜ் படிக்கிற வயதில்கூட உன் வேட்டியை நான்தான் அலசிப் போட்டேன். அப்பேர்ப்பட்டவன் தினமும் பொழுது விடிந்ததும் கிணற்றில் தண்ணீர் இறைத்து ஒரு மூலையைக் கழுவுகிறாய் என்றால், பெண்டாட்டி மேல் உள்ள கரிசனத்தால் என்று அவள் நம்பலாம். எனக்கே காது குத்தாதே. எறும்பு எதற்கு வருகிறது என்று உனக்குத் தெரியும். நம் வீட்டுக் கொல்லையில் உன் அப்பாவுக்கு எறும்பு வந்ததை என்னோடு சேர்ந்து பார்த்தவன் நீ. அவராவது தெரியாமல் இருந்தார். நீ தெரிந்துகொண்டு தண்ணீர் ஊற்றுகிறாய்.

அதற்குப் பிறகு அன்று முழுவதும் உன்னைக் கவனித்தபடியே இருந்தேன். சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பே ஒரு செம்புத் தண்ணீர், எழுந்தபின் இன்னொரு செம்பு. படுக்கும்போது தலைமாட்டில் கூஜா நிறைய வைத்துக்கொண்டாய். விடிந்து பார்த்தால் அது காலி. கல்யாணத்துக்குப் பிறகு மாமியார் வீட்டு உபசாரத்தில் நீ ஊதிப் போயிருந்தாய்; போன தீபாவளிக்கு எடுத்த சட்டைக்குப் பொத்தான் போட முடியாமல் திண்டாடினாய். அதே சட்டை இப்போது தோளில் தொங்குகிறது. விருந்துக்கு வந்து அன்றும் தங்கியிருந்த உன் மாமனார், மத்தியானச் சாப்பாட்டில், "மாப்பிள்ளை இப்பதான் கச்சிதமா இருக்கறாரு" என்று மெச்சிக்கொண்டார். நீயும் வெட்கப்படுகிறவன் போலக் குனிந்து சிரித்தாய். எனக்கு அந்த இலையை அப்படியே தூக்கி எறிந்துவிடலாமா என்று வந்தது. உடம்பு உருகிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பாராட்டு வாங்கிக்கொண்டு, இலையில் இரண்டாம் தடவை லட்டு போட்டுக்கொள்கிறாயே, உனக்கு என்ன துணிச்சல்.

உன் அப்பாவும் இப்படித்தான் பாராட்டு வாங்கினார். எனக்குத் தாலி கட்டும்போது அவர் ஒட்டி உலர்ந்த மனிதர். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து சிரஸ்தார் ஆகிற வரைக்கும் வேலை உயர உயர வயிறும் உயர்ந்தது. நம் பக்கத்து ஜனங்களுக்கு அது ஒரு லட்சணம். தொப்பை இல்லாத சிரஸ்தாரை யாரும் சிரஸ்தாராக மதிப்பதில்லை. தேர் வீதியில் அவர் நடந்து போனால், "வசதி வந்தா உடம்புலயே தெரியுது பாருங்க" என்று என் காதுபடச் சொல்லுவார்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் ஒரு தட்டில் இனிப்பு. வேண்டாம் என்றால் அந்த வீட்டை அவமதித்ததாக ஆகிவிடும். கொஞ்சம் எடுத்துக்கொண்டால், "நம்ப வீட்டுப் பலகாரம் பிடிக்கலீங்களா" என்பார்கள். இரண்டாவது தட்டு வந்தால்தான் உபசாரம் என்று அர்த்தம். இந்த உபசாரத்தைக் கண்டுபிடித்தவனை நான் பார்த்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பேன்.

அப்புறம் முதுகில் கட்டி வந்தது. பிளவை என்று பச்சிலை அரைத்துக் கட்டினார்கள், ஆறவில்லை. கடலூருக்கு அழைத்துக்கொண்டு போனோம், நீயும் கூட வந்தாய். டாக்டர் முதுகைப் பார்க்கும் முன்பே ஒரு கண்ணாடிக் குடுவையைக் கொடுத்து மூத்திரம் கேட்டார். "முதுகுல கட்டிக்கு இது எதுக்குங்க" என்று உன் அப்பாவுக்குச் சங்கடம். டாக்டர் அதை நீல மருந்தில் விட்டுக் காய்ச்சினார். நீலம் போய்ச் செங்கல்லைக் கரைத்த மாதிரி ஆனது. பிறகு நிதானமாகச் சொன்னார்: "உங்க ரத்தத்துல சர்க்கரை நெறைய ஓடுது. ஆனா சதைக்குப் போய்ச் சேரல. கணையம்னு வயித்துக்குள்ள ஒரு உறுப்பு இருக்குது. அதுல ஊறுற சுரப்புதான் சர்க்கரைய எடுத்து உடம்புக்குக் குடுக்கணும். உங்களுக்கு அது பத்தல. சேராதது ரத்தத்துலயே நின்னு, மிஞ்சினது மூத்திரத்துல போவுது. போகும்போது தண்ணியையும் இழுத்துக்கிட்டுப் போவுது. அதான் இவ்ளோ தாகம். எவ்ளோ தின்னாலும் உடம்பு உள்ளுக்குள்ள பட்டினிதான்."

உன் அப்பா விடவில்லை. "நான் இனிப்பு அப்படி ஒண்ணும் ஜாஸ்தி இல்லீங்க, சோறுதான்" என்றார். "சோறும் உள்ள போனா சர்க்கரைதாங்க. அது நின்னு நிதானமா ஆவுது, இது உடனே ஏறுது, அவ்ளோதான் வித்தியாசம்" என்றார் டாக்டர். வெல்லம், தேன், பனங்கற்கண்டு எல்லாம் மருந்துப் பொருள்தானே என்று நான் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதான், நிறத்தைப் பார்த்து அது ஏமாறாது என்றார். இனிப்புத் தின்றதால்தான் இந்த வியாதி வந்ததா என்று கேட்டதற்கு அவர் சொன்னதை இன்றைக்கும் நான் மறக்கவில்லை: "தின்ன எல்லாருக்கும் வந்துடாதும்மா. ஆனா உழைச்சுச் செலவாகாத இனிப்பு கொழுப்பா மாறி வயித்துல உக்காந்துக்குது. பருத்த உடம்புக்கு அந்தச் சுரப்பு ஜாஸ்தி வேணும். இது வம்சத்துல ஓடுற வீட்டுல ஒரு நாளைக்கு ஈடு குடுக்க முடியாம நின்னுபோவுது. உங்க பையன் உடம்பையும் பாத்துக்குங்க." பையன் நீதான். என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். வெளியே வந்ததும், ரயிலுக்கு நேரமிருக்கிறது என்று ஓட்டலில் நுழைந்து அல்வா வாங்கித் தின்றாய். உன் அப்பாவுக்கு எதிரில் உட்கார்ந்து தின்றாய்.

அன்று முதல் கண்ணாடிக் குழாயும் ஸ்பிரிட் விளக்கும் நீல மருந்துப் புட்டியும் நம் கொல்லை மாடத்தில் ஏறின. காலையில் கோலம் போட்டு முடித்ததும் எனக்கு அதுதான் வேலை. மருந்தைக் குழாயில் விட்டு, மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கொதிக்க வைத்து, நிறம் பார்க்க வேண்டும். நீலம் நீலமாகவே நின்றால் நல்லது. பச்சையானால் கவனம். மஞ்சள் ஆகி, செங்கல் நிறத்துக்குப் போனால் அன்றைக்கு வீட்டில் சண்டை. அந்த நாற்றம் பொறுக்காமல் நீ மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடுவாய். நான் எங்கே ஓடுவது? புருஷன் மூத்திரத்தைக் காய்ச்சுகிறவள் என்று பக்கத்து வீட்டில் பேசினார்கள். சோற்றைக் குறைத்துக் கீரையும் மோரும் வைத்தால், புருஷனுக்கு வயிறாரப் போடாதவள் என்று பேசினார்கள். பேசட்டும் என்று இருந்தேன்.

உன் அப்பாவின் கட்டுப்பாடு எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். வீட்டில் காபிக்குச் சர்க்கரை போட்டால் டம்ளரைத் தள்ளிவிடுவார். பார்க்கிறவர்கள் ஆகா என்பார்கள். ஆனால் கோயிலில் கொடுத்தது கணக்கில் சேராது. சர்க்கரைப் பொங்கலை இரண்டு கையிலும் ஏந்தி வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிடுவார். மார்கழித் திருவாதிரை வந்தால் நம் தெருவில் வீட்டுக்கு வீடு களி. வெல்லமும் நெய்யும் தேங்காயுமாக ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கிண்ணம் வரும். நடராஜருக்குப் படைத்ததை வேண்டாம் என்று சொல்லலாமா? "சாமி குடுத்தத சாமி பாத்துக்கும்" என்பார். நானும் கும்பிடுகிறவள்தான். அந்தச் சந்நிதியில் நான் அழுத அழுகை சாமிக்குத் தெரியும். ஆனால் சாமி ஒரு சிட்டிகை விபூதியும் கொடுக்கிறதே, அதோடு இவர் திருப்திப்பட்டிருக்கக் கூடாதா? மறுநாள் குழாய் செங்கல் நிறத்தில் நிற்கும். அதைக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டுவேன். முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

திருவந்திபுரம் போனதும் உனக்கு நினைவிருக்கும். வியாதி கரைய வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, வழக்கப்படி உப்பும் மிளகும் வெல்லமும் வாங்கிக்கொண்டு போய்க் கோயில் கிணற்றில் போட்டோம். நான் என் பங்கைப் போட்டுக் கும்பிட்டுக் கண்ணைத் திறந்தால், உன் அப்பா பொட்டலத்தில் பாதி வெல்லத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டிருந்தார். கெடில ஆற்றங்கரையில் உட்கார்ந்து அதை வாயில் போட்டுக்கொண்டார். கேட்டதற்கு, "பாதி போட்டாச்சே, சாமி பாதிக்கு மேல கேக்காது" என்று சொன்னார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரிப்பு வருகிற விஷயம்தான், எனக்கும் அன்று சிரிப்பு வந்தது. இன்று நினைத்தால் உங்கள் இருவர் மேலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஆனால் அவருக்கும் நல்ல காலம் ஒன்று வந்தது. யுத்தம் வந்து சர்க்கரைக்கு ரேஷன் போட்டார்கள். அரிசியும் அளந்துதான் கிடைத்தது. விருந்தில்லை, பலகாரமில்லை, எந்த வீட்டிலும் தட்டு நீட்ட யாரிடமும் ஒன்றும் இல்லை. உன் அப்பா கேழ்வரகுக் கூழும் கீரையும் சாப்பிட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு நடந்து போனார். ஊரே சர்க்கரை இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தது. என் கண்ணாடிக் குழாயில் மட்டும் நீலம் நீலமாகவே நின்றது. தினமும் காலையில் அதைப் பார்க்க எனக்கு அத்தனை சந்தோஷம். வயிறு வற்றியது, தாகம் அடங்கியது, முதுகு ஆறித் தழும்பானது. கட்டுப்பாடு என்று கவர்மென்ட் போட்டது எனக்குத்தான் வரமாக வந்தது.

அது நம் உறவுக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. சிரஸ்தார் வீட்டில் சர்க்கரை இல்லாத காபி என்றால் குடும்பத்துக்கே தலைகுனிவு என்று நினைத்தார்கள். உன் கீரப்பாளையத்து அத்தை, உன் அப்பாவின் ஒரே தங்கை, ஒரு நாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தாள். மடியிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்து என் முன்னால் அவிழ்த்தாள். வெள்ளை வெளேரென்று சர்க்கரை. "எங்க ஊட்டுல புள்ளைங்களுக்குக்கூடக் குடுக்கல அண்ணி. மாசா மாசம் ரேஷன்ல வாங்குனத அப்படியே அண்ணனுக்குன்னு எடுத்து வச்சேன்" என்றாள். அவருக்கு ஆகாதென்று தெரியாதா என்று கேட்டேன். "ஆகாது ஆகாதுன்னு நீங்க வாயக் கட்டித்தான் அவரு இப்படி எளைச்சுப் போயிட்டாரு. எங்க அண்ணனைப் பாக்கச் சகிக்கல. பட்டினி போட்டே கொன்னுடுவீங்க போலக்குது" என்று கூடத்தில் உட்கார்ந்து அழுதாள். நான் அடுப்பங்கரையை விட்டு நகரவில்லை. உன் அப்பா வந்தார். தங்கை தன் பிள்ளைகள் வாயிலிருந்து எடுத்துக் கொண்டுவந்ததைப் பார்த்தார், அவர் கண்ணும் கலங்கிவிட்டது. "கூடப் பொறந்தவ குடுக்கறத வேணாம்னு எப்படிச் சொல்றது" என்றார். நான் செய்ய மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். உன் அத்தையே என் அடுப்பைப் பற்ற வைத்துக் கேசரி கிளறினாள்.

அவள் கெட்டவள் இல்லை. அவள் அண்ணன் மேல் உயிரையே வைத்திருந்தாள். எனக்குக் கோபமெல்லாம் அதில்தான். ஒரு மனிதனுக்கு விஷம் வைக்க வருகிறவனைக் கதவைச் சாத்தித் தடுக்கலாம். பாசத்தோடு சர்க்கரையைக் கட்டிக்கொண்டு வருகிறவளை எந்தக் கதவைச் சாத்தித் தடுப்பது? அவளைப் பார்த்து மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு வீட்டிலும் மிச்சம் பிடித்து நம் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஊரில் எவனுக்கும் இல்லாத சர்க்கரை, ஊரிலேயே அது ஆகாத ஒருத்தர் வீட்டில் டப்பா டப்பாவாகச் சேர்ந்தது. நான் அதை எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்தால், கொடுத்தவர்களை அவமானப்படுத்துகிறேன் என்று உன் அப்பாவே சத்தம் போட்டார். குழாயில் நீலம் அதற்கப்புறம் வரவே இல்லை.

சித்திரை மாசத்தில் ஒரு நாள் உச்சி வேளையில் கோயில் வெளிப்பிரகாரத்தைச் சுற்றினோம். கருங்கல் கொதித்தது. எல்லோரும் காலைத் தூக்கித் தூக்கி வைத்து நிழலுக்கு ஓடினார்கள், நான் உட்பட. உன் அப்பா மட்டும் கைகூப்பிக்கொண்டு நிதானமாக நடந்து வந்தார். நிழலில் ஒதுங்கி நின்றவர்கள், "பக்தின்னா இது. சூடு தெரியுதா பாரு அந்த மனுஷனுக்கு" என்றார்கள். எனக்கும் அப்போது பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். "வலிக்கலீங்களா?" என்று கேட்டேன். "எங்க?" என்று கேட்டு, குனிந்து தன் காலையே புதிதாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். சர்க்கரை அவர் காலிலிருந்த உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. எங்களில் யாருக்கும் தெரியாது. பக்தி என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்தப் புண் ஆறவில்லை. விரல் கறுத்தது. இன்சுலின் ஊசி போட்டால் சமாளிக்கலாம் என்றார் டாக்டர். யுத்த காலம், மருந்து வந்தால் வந்தது, வராவிட்டால் இல்லை. கண்ணும் மங்கிவிட்டது. கடைசியில் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். எடுத்தும் பிழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குழாயில இன்னிக்கு என்ன நெறம்?" என்று கேட்டார். நீலம் என்று சொன்னேன். அது பொய். அவர் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டார்.

காரியத்துக்கு நீ வந்தாய், கொள்ளி வைத்தாய், மொட்டையடித்துக்கொண்டாய். பதினாறாம் நாள் படையலில் உன் அத்தை அவர் இலையில் கேசரி வைத்தாள். அண்ணனுக்குப் பிடித்ததாம். கொன்றதையே கொண்டுவந்து படைத்தாள். பந்தியில் உட்கார்ந்து நீ அதே கேசரியைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாய். அப்போதே உன் கையைத் தட்டிவிட்டிருக்க வேண்டும். துக்க வீட்டில் எதற்கு என்று விட்டுவிட்டேன்.

இப்போது ரேஷன் கன்ட்ரோலை எடுத்துவிட்டார்கள். சர்க்கரை கண்ணில் பட்டதும் ஜனங்கள் இத்தனை வருஷத்துக்கும் சேர்த்துத் தின்கிறார்கள். உன் வீட்டுக் காபியை ஒரு வாய் குடித்தேன். அது காபியா பாயசமா தெரியவில்லை. உன் பெண் அழுதால், விரலைச் சர்க்கரையில் தொட்டு அவள் வாயில் வைக்கிறார்கள். நான் ஒரு முறை தடுத்தேன். "இதுல இன்னாம்மா இருக்குது, கொழந்த" என்றாய். என்ன இருக்கிறதென்று உனக்குத் தெரியாதா? அழுகைக்கு மருந்து சர்க்கரை என்று அவளுக்கு இப்போதே பழக்குகிறாய். டாக்டர் வம்சம் என்று சொன்னாரே, அதில் உனக்குப் பிறகு அவள்தான். உன்மேல் வருகிற கோபத்தைவிட இதில் எனக்கு வருகிற கோபம் பெரிது. உன் உயிரை நீ என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்று சொல்லுகிற அளவுக்குக்கூட ஆத்திரம் வருகிறது. அப்புறம் நான் பெற்றவள் என்று ஞாபகம் வந்துவிடுகிறது.

நீ ஏன் மறைக்கிறாய் என்றும் எனக்குத் தெரியும். ஊசிக்குப் பயம். அப்பாவின் கால் ஞாபகம். ஆபீசில் தெரிந்தால், மாமனார் வீட்டில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம். பயப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பயப்படுகிறவன் டாக்டரிடம் ஓட வேண்டும், கிணற்றடிக்கு அல்ல. உன் அப்பாவுக்குக் கிடைக்காத மருந்து இப்போது கிடைக்கிறது. கூழும் கீரையும் நடையும் அவரை எப்படித் தேற்றின என்று கண்ணால் பார்த்தவன் நீ. மஞ்சக்குப்பத்தில் உன் வீட்டிலிருந்து கடற்கரை எத்தனை தூரம், காலையில் போய் வரக் கூடாதா? எந்த வீட்டுத் தட்டிலும் கை வைக்காதே. யாராவது முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாய் திறந்து, எனக்குச் சர்க்கரை வியாதி என்று சொல். கோயிலிலும் சொல். காலைத் தினமும் தொட்டுப் பார், செருப்பில்லாமல் நடக்காதே. இதையெல்லாம் எழுதும்போதே, நீ "சரிம்மா" என்று சொல்லுகிற குரல் எனக்குக் கேட்கிறது. அந்தச் சரிம்மா எனக்கு வேண்டாம்.

நான் வெள்ளிக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். உன் அப்பாவின் கண்ணாடிக் குழாயும் விளக்கும் என்னிடம்தான் இருக்கின்றன. புட்டியில் நீல மருந்து கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அவர் போன பிறகும் அதை ஏனோ கொட்ட மனம் வரவில்லை. வீட்டில் நுழைந்ததும் எனக்குக் காபி வேண்டாம், குசலம் வேண்டாம். உன் பெண்டாட்டியைக் கொல்லைக்கு அழைத்துக்கொண்டு போய், குழாயை எப்படிப் பிடிக்க வேண்டும், எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், எந்த நிறம் வந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குக் கற்றுக்கொடுப்பேன். இருபது வயது நிரம்பாத பெண்ணுக்கு மாமியார் கற்றுக்கொடுக்கிற வேலையா இது? ஆனால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் உன் கையைப் பிடித்துக்கொண்டு, நீலம் என்று அவள் பொய் சொல்லக் கூடாது. அதை ஒரு முறை சொன்னவள் நான். அது எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

அதற்குள் நீயே அவளிடம் சொல்லிவிடு. உன்னைப் போல ஒரு புருஷன் யாருக்குக் கிடைப்பான் என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அது பொய்யாகிவிடாமல் பார்த்துக்கொள்ள உனக்கு இன்னும் நேரம் இருக்கிறது. நாளைக் காலையில் எழுந்ததும் வாளியைத் தொடாதே. எறும்பு வரட்டும். அவளைக் கூப்பிட்டு அந்த மூலையில் உன் பக்கத்தில் நிறுத்தி, எதற்கு வருகிறது என்று உன் வாயால் சொல்.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத
அம்மா